மேடைச்சிரிப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2007-ல் ஒளிபரப்பிய 'மிகச்சிறந்த நூறு ஸ்டாண்டப் கலைஞர்கள்' (மேடையில் தனியாளாக நின்று பேசிச் சிரிக்கவைப்பவர்கள்) நிகழ்ச்சியை இப்போதுதான் பார்த்தேன். முதலிடம் பில்லி கானலிக்கு. காட்டிய துணுக்குகளில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஏதோ சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டே போகிறார். என் மனதில் அமெரிக்கக் கலைஞர் பில் ஹிக்ஸ்தான் முதலாமவர். டிவியில் பிரபலமாக இருப்பதைத்தான் திறமை என்கிறார்களா?

ச.

அன்புள்ள ச.,

பட்டியல் மீதான உங்கள் சந்தேகம் நியாயமானது. கானலி பற்றிய உங்கள் முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே 2007 பட்டியலில் பிரிட்டிஷ் கலைஞர் ஸ்டூவர்ட் லீக்கு 41-ஆவது இடம். 2009-ல் பிபிசி 2-ல் அவருடைய தொடர் வந்தது. 2010-ல் சேனல் 4 மறுபடி பட்டியல் போட்டபோது அவர் வெகுவாக மேலே ஏறியிருந்தார். எண்பதுகளின் இறுதியிலிருந்து மேடையில் நின்றவர் அவர். இடையில் கூடியது அவரைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை. டிவி எதைக் காட்டியதோ அதற்குத்தான் இந்தப் பட்டியல்களில் இடம்.

காட்டாமல் விட்டதற்கு ஹிக்ஸே சாட்சி. 1993 அக்டோபரில் அமெரிக்க டிவியில் டேவிட் லெட்டர்மன் நடத்திய இரவு நிகழ்ச்சிக்காக அவர் பேசிய பகுதி முழுவதையும் ஒளிபரப்புக்கு முன் வெட்டிவிட்டார்கள். 1994 பிப்ரவரியில் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 32. லெட்டர்மன் 2009-ல் ஹிக்ஸின் தாயாரை அரங்குக்கு அழைத்து, மன்னிப்புக் கேட்டு, வெட்டிய அந்தப் பகுதியை முழுசாக ஒளிபரப்பினார். பதினைந்து வருடத் தாமதம். உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு.

இனி கானலி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து நாட்டார் பாடகரானவர். பாட்டுகளுக்கு நடுவே அவர் பேசிய பேச்சு வளர்ந்து வளர்ந்து கடைசியில் பாட்டையே ஓரங்கட்டியது. ஒரு கதையை ஆரம்பிப்பார். அதில் வரும் ஆசாமி யாரையோ நினைவுபடுத்த, அங்கே தாவிவிடுவார். அங்கிருந்து இன்னொன்று. நம் கதாகாலட்சேபக்காரர் கிளைக்கதைகளில் சுற்றிவிட்டு மூலக்கதைக்கு வந்து சேர்வதுபோல, அரங்கமே மறந்துபோன நேரத்தில் விட்ட வரிக்குத் திரும்புவார். வெடிச்சிரிப்பு அந்தத் திரும்பலில்தான் இருக்கிறது. நூறு பேரைக் காட்டியாக வேண்டிய நிகழ்ச்சியில் அதற்கு நேரமேது? உங்களுக்குக் கிடைத்தது நடுவில் கத்தரித்த கிளைக்கதை. சிரிப்பு வராததில் வியப்பில்லை.

அமெரிக்காவில் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சி 2004-ல் போட்ட பட்டியலில் ரிச்சர்ட் பிரையர் முதலிடம். அதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் லாங் பீச்சில் அவர் நிகழ்த்தியது 1979-ல் படமாக வந்தது. அதில் தனக்கு வந்த மாரடைப்பை நடித்துக்காட்டுகிறார். அவருடைய இதயமே ஒரு தெருரவுடியாக மாறி, மூச்சுவிடக் கூடாதென்று அவரை மிரட்டுகிறது. இவர் கெஞ்சிக்கொண்டே தரையில் சரிகிறார். இதயமும் அவர்தான், அடிவாங்குபவரும் அவர்தான். சாவுபயத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்து ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைத்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

முதலில் பிரையரின் அந்தப் படத்தை இடையில் நிறுத்தாமல் பாருங்கள். அப்புறம் கானலியின் முழுநீள மேடைப்பதிவு ஏதாவது ஒன்று. பார்த்துவிட்டு, ஹிக்ஸ்தான் முதலாமவர் என்று இன்னும் தோன்றினால் ஏன் என்று விரிவாக எழுதுங்கள். ஆவலோடு படிப்பேன்.