கேள்வி – பதில்: எதிர்க்காற்று அடித்த நாளில் பந்தயப் புறா

கேள்வி: சென்னையில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் பதினாறு ஹோமர் புறாக்கள் (தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாக்கள்) இருக்கின்றன. பங்குனியில் விஜயவாடாவிலிருந்து நடந்த பந்தயத்துக்கு ஆறு அனுப்பினார். காலை 6.30-க்குத் திறந்துவிட்டார்கள். எனக்கு இங்கே சிங்கப்பூரில் 9 மணி. அப்போதிலிருந்து கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். முதல் புறா இந்திய நேரம் 2.10-க்குத்தான் இறங்கியது. இருட்டுவதற்குள் இன்னொன்று, மறுநாள் இரண்டு. மீதி இரண்டைக் காணோம். "நம்ம பறவையே சரியில்லை, எல்லாத்தையும் கொடுத்துடப் போறேன்" என்கிறார் அண்ணன். பறவைகள் மேல்தான் குற்றமா?
– வாசகர், ஈசூன்

பதில்: கொடுக்க வேண்டாம் என்று முதலில் அண்ணனுக்குச் சொல்லுங்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

விஜயவாடாவுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 380 கி.மீ. 6.30-லிருந்து 2.10 வரை 460 நிமிடம். 3,80,000 மீட்டரை 460-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 826 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. காற்றில்லாத நாளில் நல்ல ஹோமர் மணிக்கு 70 கி.மீ. போகும். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் மிச்சம் 50. அண்ணனின் புறா வந்த வேகம் அதேதான். அது சோம்பலாகப் பறக்கவில்லை, எழுபதுக்கான உழைப்பைப் போட்டு ஐம்பதைத் தரையில் எடுத்திருக்கிறது. ஏழரை மணி நேரத்துக்கும் மேல் அப்படி உழைத்த பறவையைக் குறை சொல்வது நியாயமில்லை.

இந்த வழித்தடத்துக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. வரைபடத்தில் விஜயவாடாவிலிருந்து சென்னைக்கு ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். பெரும்பகுதி வங்கக் கடல்மேல் போகும். ஓங்கோல், நெல்லூர்ப் பக்கம் கரை மேற்கே உள்வாங்கியிருக்கிறது. புறா கடல்மேல் பறக்க விரும்பாது, கரையை ஒட்டியே வரும். ஆக, கணக்கில் 380 என்றாலும் பறவை அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு கி.மீ. பறக்கிறது. மார்ச் மாதத்தில் கரையோரம் தெற்கும் தென்கிழக்குமாகக் காற்று வீசத் தொடங்கிவிடும், நண்பகலுக்குப் பிறகு கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். தெற்கு நோக்கி வரும் பறவைக்கு அது முகத்தில் அடிக்கும், கொஞ்சம் உள்நாட்டுப் பக்கமாகவும் தள்ளிவிடும். காலை பத்து மணிக்குள் பாதி தூரம் கடந்த பறவைக்கும், பத்தரைக்கும் ஓங்கோலைத் தாண்டாத பறவைக்கும் கிடைக்கும் காற்று வேறு. ஆறு புறா ஆறு விதமாக வந்ததற்கு இது ஒரு காரணம்.

எதிர்க்காற்றில் புறா தாழப் பறக்கும், ஏனென்றால் தரைக்கு அருகே காற்றின் வேகம் குறைவு. அந்த உயரத்தில்தான் மின்கம்பிகள் இருக்கின்றன. வல்லூறு ஒருமுறை கூட்டத்தில் பாய்ந்தாலே கூட்டம் சிதறிவிடும், சிதறியவை தனித்தனியாக வழி தேட வேண்டும். தாகம் இன்னொன்று. கொழுப்பு தீர்வதற்கு முன்பே தண்ணீர் தீர்ந்துபோகும். வெயிலில் வாய் திறந்து மூச்சிரைத்தே உடம்பைக் குளிர வைக்க வேண்டியிருக்கிறது. தாகம் தாங்காமல் நெல்லூர்ப் பக்கம் இறங்கினால் இறால் குட்டைகள். அது உப்புத் தண்ணீர். குடித்துவிட்டு எழும்பாமல் வயலோரம் உட்கார்ந்துவிடும்.

அண்ணன் செய்ய வேண்டியது ஒன்று. சங்கத்தில் அன்று மொத்தம் எத்தனை பறவை போனது, இருட்டுவதற்குள் எத்தனை வீடு சேர்ந்தது என்று கேட்கட்டும். மூன்றில் ஒன்று என்றால் அண்ணனின் ஆறில் இரண்டும் அதே விகிதம்தான், நாள்தான் மோசம். மற்றவர்களுக்கு முக்கால்வாசி வந்திருந்தால் மட்டும் தன் கூட்டைச் சந்தேகப்படலாம்: தொண்டையில் கேங்கர் (ஒட்டுண்ணியால் வரும் புண்), மூச்சுக்குழாய்ச் சளி, இறகு உதிர்வு, போதாத பயிற்சி என்ற வரிசையில்.

காணாமல் போன இரண்டுக்காகக் கூட்டு வாசலை ஒரு வாரமாவது விடியற்காலையிலேயே திறந்து வையுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் நடந்தே வந்ததுபோல் வந்து சேருவது இந்த விளையாட்டில் சகஜம்.

கேள்வி: இப்படி அடிபட்டு வரும் புறாவை முதல் இரண்டு நாள் எப்படிக் கவனிப்பது? வந்தவுடன் வயிறு நிறையத் தீனி போடலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கூடாது. பலரும் பாசத்தில் செய்யும் தவறு அது. நீர் வற்றிய உடம்பில் மக்காச்சோளமும் பட்டாணியும் இரைப்பையிலேயே (கழுத்தடியில் தீனி தங்கும் பை) ஊறிக் கிடக்கும், சில சமயம் புளித்துவிடும்.

முதலில் தண்ணீர். ஐஸ் தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்து முதல் சில மணி நேரம் வையுங்கள், பிறகு வெறும் தண்ணீர். நாள் கணக்கில் உப்பும் சர்க்கரையும் கொடுக்க வேண்டாம். குடிக்கும்போது பறவையின் நெஞ்சைக் கவனியுங்கள். இறகு நனைந்து நீர் கசிந்தால் கம்பியில் பட்டு இரைப்பை கிழிந்திருக்கிறது. கழுத்தடி இறகை ஊதி விலக்கினால் கிழிசல் தெரியும். உள்தோல், வெளித்தோல் இரண்டையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். அதைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்துச் சிறுதானியம்: கம்பும் கோதுமையும் சேர்த்து ஒரு பறவைக்கு 15 கிராம். வழக்கமான ஒரு நாள் தீனி 30 கிராம் என்றால் இது பாதி. மறுநாள் காலையும் அதே. மறுநாள் மாலையிலிருந்து பச்சைப்பயறு, பட்டாணி சேர்க்கலாம், தசை தேற அவை வேண்டும். மறுநாள் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் தானே குளிக்கும். இருட்டான, காற்றோட்டமுள்ள பெட்டியில் தன் ஜோடியோடு விட்டுவிடுங்கள். வருபவர் போகிறவரெல்லாம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டாம்.

எச்சம் பச்சையாக, நீராக இருந்தால் பயப்பட வேண்டாம், வெறும் வயிற்றில் பித்தம் இறங்குகிறது. இரண்டு நாளில் பழுப்பு உருண்டையும் மேலே வெள்ளைத் தொப்பியுமாக மாற வேண்டும். மாறாவிட்டால் மருத்துவர்.

கேள்வி: புறா கூரையில் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் உள்ளே போனது. அந்த ஐந்து நிமிடத்தால் என்ன போய்விடும்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: மேலே சொன்ன பந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். 460 நிமிடத்தில் வந்தால் வேகம் நிமிடத்துக்கு 826 மீட்டர். 465 என்றால் 817. ஒன்பது மீட்டர் போயிற்று. ஒரு நிமிடத்துக்கே இரண்டு மீட்டர் அளவுக்குக் குறைகிறது. நேரம் பதிவாவது கூரையில் அல்ல, உள்ளே நுழைந்து காலில் இருக்கும் சிப் வளையம் ஆன்டெனா பலகையைக் கடக்கும்போதுதான். பழைய முறையில் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்தில் போடும்போது.

இதற்கு மருந்து பயிற்சியில் இருக்கிறது. தினமும் பறக்கவிடுவதற்கு முன் வயிற்றைக் காலியாக வைத்து, தீனி டப்பாவை ஒரே விதமாகக் குலுக்கி உள்ளே கூப்பிடுங்கள். பந்தய நாளில் மாடியில் கூட்டம் சேர்க்காதீர்கள். புதுச் சட்டைக்காரர் ஒருவரைப் பார்த்தே தயங்கும் புறாக்கள் உண்டு.

கேள்வி: விஜயவாடாவிலிருந்து முதலில் வந்த புறாவை அடுத்த வாரமே வாரங்கலுக்கு அனுப்பலாம் என்கிறார் என் மைத்துனர். சரியா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: தவறு. வாரங்கல் ஏறத்தாழ 545 கி.மீ. கடும் பந்தயம் முடித்த பறவை முதல் நான்கைந்து நாளில் வெளியே பார்க்கத் தேறிவிட்டதுபோல் தெரியும். நெஞ்சுத் தசைக்குள் பழுது அப்படியே இருக்கும். குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். அதன் பிறகும் மூன்றைப் பாருங்கள். போகும் முன் எடுத்த எடை திரும்பியிருக்க வேண்டும் (450 கிராம் பறவை 390-க்கு இறங்கியிருந்தால் 450-ஐ மறுபடி தொட வேண்டும்). இறகை விலக்கினால் நெஞ்சுத் தோல் நீலம் பாயாமல் இளஞ்சிவப்பாக, செதில் இல்லாமல் இருக்க வேண்டும். காலையில் மற்றப் புறாக்களோடு விட்டால் தானாக அரைமணி நேரம் பறக்க வேண்டும். மூன்றாவதில் தோற்றால் முதல் இரண்டையும் நம்பாதீர்கள்.

சிறிய கூட்டுக்காரருக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். நாற்பது அனுப்பிப் பத்து இழப்பவருக்கு முப்பது மிச்சம். பதினாறில் ஆறு அனுப்பி நான்கை இழந்தால் மிச்சம் பன்னிரண்டுதான், அடுத்த ஆண்டு இனப்பெருக்கத்துக்கு நல்ல ஜோடி சேர்ப்பது சிரமம். நீண்ட தூரத்துக்கு மூன்று போதும். அதுவும் ஒரே பெற்றோரின் பிள்ளைகளாக இருக்க வேண்டாம். அனுப்புவதற்கு முந்தைய மூன்று நாள் தீனியில் மக்காச்சோளத்தை ஐந்தில் இரண்டு பங்காக உயர்த்தி, ஒரு பறவைக்கு ஐந்தாறு பச்சை வேர்க்கடலை கொடுங்கள். கூடையில் ஏற்றும் நாளில் நான்கு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிடலாம், தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: எங்கள் புளோக்கின் பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் காலில் வளையத்தோடு ஒரு புறா இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறது. அரிசி போடலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: தாழ்வாரத்தில் தூவாதீர்கள். ஊர்ப் புறாக்கள் கூடிவிடும். காட்டுப் புறாக்களுக்குத் தீனி போடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். காற்றுத் துளைகள் போட்ட அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து, மாலை மங்கியதும் மெல்ல எடுத்து உள்ளே வையுங்கள். கனமான கிண்ணத்தில் மூன்று விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும், புறா அலகை மூக்குவரை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும் பறவை. கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். வளையத்தில் நாட்டையோ சங்கத்தையோ குறிக்கும் எழுத்துகள், பிறந்த ஆண்டு, வரிசை எண் இருக்கும். தெளிவாகப் படமெடுத்து, பறவை கிடைத்த விவரத்தோடு தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். வளையத்தை மட்டும் வெட்டாதீர்கள், உரிமையாளரைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே அடையாளம் அது.