அறுக்கும் முன் கதவைச் சாத்திப் பாருங்கள்

கேள்வி: பர்மிங்காமில் இருக்கிறேன். ரொம்ப நாள் ஆசைப்பட்டு 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கினேன். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. துருவை மாற்றும் திரவம் பூசி, மேலே புதுத் தகடு ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே வந்த துரு வெளித்தகடு வரை வந்துவிட்டது என்று அர்த்தம். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு கூடும், அதுதான் பெயிண்டை நெட்டித் தள்ளுகிறது. சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், பிடிக்காமல் வழுக்கினால் அங்கே இருப்பது பட்டிதான். அப்புறம் பழைய ஸ்க்ரூடிரைவரால் கீழ் விளிம்பைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். உளுத்த இடத்தில் சத்தமே செத்துப்போயிருக்கும், கொஞ்சம் அழுத்தினால் முனை உள்ளே இறங்கிப் பழுப்புப் பொடி தரையில் கொட்டும்.

இந்தக் காருக்குத் தனியாகச் சேஸிஸ் (பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கிடையாது, ரோட்ஸ்டருக்குத் தாங்கிப்பிடிக்கக் கூரையும் இல்லை. வண்டியின் முதுகெலும்பே அந்த இரண்டு சில்தான். வெளித்தகடு, அதற்குள் நெட்டுக்குத்தாக ஒரு தகடு, அடியில் கோட்டை மதில் மாதிரி மடிக்கப்பட்ட காசில் ரெயில் என்று பல தகடுகள் சேர்ந்த பெட்டி அது. முன் சக்கரம் வாரியடிக்கிற சேறு, உங்கள் ஊரில் குளிர்காலத்தில் சாலையில் போடுகிற உப்போடு சேர்ந்து, முன் விங்குக்கு (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) பின்னால் போய்த் தங்கிவிடும். சில் அந்த விங்குக்கு உள்ளேயும் நீள்கிறது என்பதால், கதவுக்குக் கீழே மட்டும் தகடு ஒட்டினால் உளுத்த பாதி அப்படியே உள்ளே இருக்கும். முன் விங் போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றிப் பாருங்கள்.

நான் வேலை பழகிய காலத்தில் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். பட்டறைக்கு வந்த ஒரு ரோட்ஸ்டரை முன்னும் பின்னும் முட்டுக்கொடுத்துத் தூக்கி, கதவுகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நாளில் அறுத்தோம். வெல்டிங் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கதவை மாட்டியபோது அதன் பின்பக்க மேல் மூலை பின் விங்கில் போய் இடித்தது. நடுப்பகுதி சில மில்லிமீட்டர் தொய்ந்திருக்கிறது, அந்தத் தொய்வோடு சேர்த்தே பற்றவைத்திருக்கிறோம்! எல்லாவற்றையும் மறுபடி அறுத்தோம். வண்டிக்காரர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் முதலில் கதவைச் சாத்தி, பின்னால் இருக்கும் இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். மேலே மட்டும் குறுகலாக இருந்தால் வண்டி ஏற்கெனவே தொய்ந்துவிட்டது, அறுக்கும் முன்பே நடுவில் ஜாக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த வேண்டும். அப்புறம் கதவுச் சட்டத்தின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே, கதவு சாத்துவதற்கு இடைஞ்சல் இல்லாமல், உள்பக்கமாக இரும்புக் குழாய் வைத்துப் பற்றவையுங்கள். ஒரு பக்கம் முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த பக்கம். புதுத் தகட்டைக் கிளாம்ப் போட்டு நிறுத்தியதும் கதவைச் சாத்துங்கள், நாலு இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்துவிட்டு மறுபடி சாத்துங்கள். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் சுமார் 1 மில்லிமீட்டர் தகடு சூட்டில் நெளிந்துவிடும், இடம் விட்டு இடம் மாறி வையுங்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்ன துரு மாற்றும் திரவம், அதாவது பாஸ்பாரிக் அமிலத் திரவம், மோசமில்லை. உள்ளே நல்ல இரும்பு மிச்சமிருந்து மேலாகத் துரு படிந்த இடத்துக்கு அது சரி, ஓட்டை விழுந்த தகட்டுக்கும் இரண்டு தகடு சேரும் மடிப்புக்கும் உதவாது. மடிப்பில் பற்றவைக்கும் முன் துத்தநாகப் பிரைமர், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெறும் தகட்டுக்கு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர், பெயிண்ட் வேலை முடிந்ததும் சில்லின் உள்ளே மெழுகு. அடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் பட்டி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைத்தகடும் சேர்ந்து போயிருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்கு முழுப் புது பாடியே செய்து தருகிறது. கூலியோடு ஒப்பிட்டால் சில சமயம் அதுவே லாபம்.

கேள்வி: என்னிடம் இருப்பது மதராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். இதற்கும் இதே பயம் உண்டா? (மதுரை)

பதில்: இந்த அளவுக்கு இல்லை. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு, பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிக்கர்களைத்தான் முதலில் தட்டிப் பாருங்கள், சேறு அங்கேதான் சேரும். இதே சேஸிஸைக் குறுக்கித்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆனால் அதில் பக்கவாட்டு இரும்பை எடுத்துவிட்டு பாரத்தைச் சில்மேல் போட்டார்கள், அதனால் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் மேலே பர்மிங்காம்காரருக்குச் சொன்னதை அவருக்கும் காட்டுங்கள்.