ஜனவரி டோக்கியோ: பகலில் ஊர், இருட்டிய பின் கடை

கேள்வி: வேலை விசாவில் டோக்கியோ வந்து நிஷி கசாயில் தங்கியிருக்கிறேன். ஜனவரி நடுவில் மனைவியும் எட்டு வயது மகளும் சுற்றுலா விசாவில் வருகிறார்கள். எனக்கு ஒரு சனி, ஞாயிறுதான் ஓய்வு. சனி முழுக்கக் கடைகள், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து ஊர் ஒன்று என்று நினைத்திருக்கிறேன். நாங்கள் சைவம். மகளுக்குக் குளிர் தாங்குமா என்று கவலை.

பதில்: ஞாயிறு மதியத்துக்கு மேல் கிளம்பவே கிளம்பாதீர்கள். ஜனவரி நடுவில் டோக்கியோவில் மாலை 4.50 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சாப்பிட்டு, ரயிலேறி ஊர் போய்ச் சேரும்போது நிழல் நீண்டிருக்கும், குளிரும் இறங்கத் தொடங்கியிருக்கும். வெளிச்சம் இருக்கும்வரை வெளியே, இருட்டிய பின் கடை. இந்த ஒன்றை மாற்றினாலே இரண்டு நாளும் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

குளிரைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். ஜனவரியில் இங்கே பகல் சுமார் 10 டிகிரி, விடியற்காலை 1 டிகிரி. சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து நடுவிலுள்ள மலைகளில் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி டோக்கியோவுக்கு வரும்போது அது வறண்ட காற்று. அதனால்தான் மேற்குக் கரையில் ஆளுயரப் பனி கிடக்கும் நாளில் இங்கே பளிச்சென்று வெயில் அடிக்கிறது. உங்கள் மகளுக்கு நடுக்கத்தைவிட உதடு வெடிப்பும் தோல் வறட்சியும்தான் அதிகத் தொல்லை தரும். ஊரிலிருந்து கொண்டுவரும் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். மருந்துக் கடையில் லிப் கிரீமும் கை கிரீமும் வாங்கிவிடுங்கள்.

குளிர் உடையை வெள்ளிக்கிழமை மாலையே யூனிக்லோ துணிக்கடையில் எடுத்துவிடுங்கள், சனி காலையே தேவைப்படும். அங்கே விற்கும் ஹீட்டெக் உள்ளாடை உடம்பின் ஈரத்தை உறிஞ்சி வெப்பமாக்கும் துணி. அது தோலை ஒட்டி இருந்தால்தான் வேலை செய்யும். நம் வழக்கப்படி உள்ளே பருத்தி பனியன் போட்டு அதன் மேல் போட்டால் காசு வீண். அதற்கு மேல் ஒரு சட்டை, ஒரு மெல்லிய ஸ்வெட்டர், ஒரு ஜாக்கெட் போதும். ரயிலிலும் கடையிலும் ஹீட்டர் நன்றாகவே ஓடும். ஒரே தடித்த கோட்டாக மாட்டிவிட்டால் குழந்தை உள்ளே வியர்த்து, வெளியே வந்ததும் ஈரத்தோடு நடுங்கும். ஒவ்வொன்றாகக் கழற்ற முடிய வேண்டும். கைரோ என்ற சூட்டுப் பையும் கிடைக்கும். உறையைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றோடு வினைபுரிந்து மணிக்கணக்கில் சுடும். உடையின் மேல்தான் ஒட்ட வேண்டும். தோலில் படும்படி வைத்தால் மிதமான சூடே நேரம் ஆக ஆகக் கொப்புளமாக்கிவிடும். மகளுக்கு ஒட்டாமல் ஜாக்கெட் பையில் போட்டுக் கொடுங்கள்.

சனிக்கிழமைப் பகலில் ஒரே ஒரு கடைத்தெரு சொல்வேன், கப்பாபாஷி. உணவகங்களுக்குப் பாத்திரம் விற்கும் தெரு. கத்தி, இரும்புக் கெட்டில், பீங்கான் கிண்ணம் எல்லாம் வரிசையாக இருக்கும். தெருமுனைக் கட்டடத்தின் மேலுள்ள பெரிய சமையல்காரர் தலையும், பிளாஸ்டிக்கில் செய்த மாதிரி உணவுகளும் மகளுக்கு. பல கடைகள் மாலை ஐந்து மணியை ஒட்டி மூடிவிடும், ஞாயிறன்று திறப்பதே இல்லை. நான் முதன்முறை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதித் தெருவுக்கு ஷட்டர்தான் பார்த்தேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கத்தி வாங்கினால் விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள்.

நிஷி கசாயிலிருந்து மெட்ரோவின் தொசாய் லைனில் நிஹோம்பாஷி, அங்கே கின்சா லைன் மாறி தவாராமாச்சி. பார்த்து முடித்து அசாகுசா கோயில் வரை நடந்துவிடலாம். திரும்பும்போது எப்படியும் நிஹோம்பாஷியில் மாறத்தான் வேண்டும், அங்கேயே இறங்குங்கள். 1933-இல் கட்டிய தகாஷிமாயா கட்டடம் நிலையத்தோடு இணைந்திருக்கிறது. அதன் அடித்தளத்தில் டெபாச்சிக்கா, அதாவது உணவுத் தளம். கடை மூடும் நேரம் நெருங்க நெருங்க விலைக்குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், 'ஹங்காக்கு' என்றால் பாதி விலை. ஜப்பானில் ஸ்ட்ராபெர்ரி குளிர்காலப் பழம். அரிசி மாவுத் தோலுக்குள் இனிப்புப் பயறு விழுது, நடுவில் முழு ஸ்ட்ராபெர்ரி வைத்த தைஃபுக்கு கிடைக்கும். கொழுக்கட்டை பிடித்த குழந்தை அதை விடாது.

ஞாயிறன்று போகும் பக்கத்து ஊர் கவாகோயே. காலை எட்டரைக்குள் கிளம்புங்கள். தொசாய் லைனில் ஈதாபாஷி, அங்கிருந்து யூராக்குச்சோ லைனில் கவாகோயே வரை நேரே போகும் வண்டியாகப் பார்த்து ஏறினால் வேறு மாற்றம் இல்லை. மகளுக்கு அரை டிக்கெட். 1893-இல் அந்த ஊரில் பெருந்தீ. மரவீடுகள் எரிந்து விழ, கனத்த மண்சுவர் வைத்த கிடங்குகள் மிஞ்சி நின்றன. அதைப் பார்த்த வணிகர்கள் கடைகளையும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். இன்று நீங்கள் நடக்கப்போகும் கறுப்புச் சுவர்த் தெரு அந்தத் தீ கற்றுக்கொடுத்தது. தீக்கு மறுவருடம் திரும்ப எழுப்பிய மணிக்கோபுரம் பகலில் 12-க்கும் 3-க்கும் ஒலிக்கும், 12 மணிக்கு அதன் கீழே நில்லுங்கள். பிறகு பக்கத்தில் மிட்டாய்க் கடைகள் நிறைந்த ஒரு சந்து இருக்கிறது, அதைக் குழந்தையிடம் ஒப்படைத்துவிடலாம்.

சைவத்துக்கு இந்த ஊரைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. சோபா, உடோன் என்ற நூடுல்ஸ், மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப் எல்லாவற்றின் அடிச்சாற்றிலும் பெரும்பாலும் மீன் இருக்கும், மேலே காய்கறி மட்டும் தெரிந்தாலும் நம்பாதீர்கள். கவாகோயே சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குப் பேர்போனது. சுட்ட கிழங்கில் ஒளிந்திருக்க எதுவும் இல்லை. மதியத்துக்கு நிஷி கசாயின் இந்தியக் கடைகளில் பொருள் வாங்கிப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். சாதாரண ரயிலில் சாப்பிடுவது மரியாதையாகாது, போய் இறங்கிச் சாப்பிடுங்கள். குப்பைத் தொட்டி அரிது, ஒரு பை வேண்டும். மூன்று மணி ஒலி கேட்டதும் திரும்பினால் பொழுது சாயும்போது ரயிலுக்குள் இருப்பீர்கள்.

கடையில் வாங்கும் பொருள் மீதான வரி விஷயம்: இங்கே வேலை பார்ப்பதால் உங்களுக்கு விலக்கு கிடையாது, மனைவிக்கு உண்டு. ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 10 சதவீத வரி மிச்சம். அவரே நேரில், அசல் பாஸ்போர்ட்டோடு வாங்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. கடையில் வரியோடு கட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் சுங்கச் சரிபார்ப்பு முடிந்த பிறகே அந்தப் பணம் வரும். வாங்கியதைக் காட்டச் சொல்லலாம், பெட்டியில் மேலாக வைத்துக் கட்டுங்கள்.