லேபிளில் ஒன்று, செக்கில் ஒன்று வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்: சிறுதொழில்

கேள்வி: எக்ஸ்பெல்லர் ஆலையில் கடலை எண்ணெய் வாங்கி, என் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கப்போகிறேன். எங்கள் பக்கம் எல்லோரும் 'மரச்செக்கு' என்றுதான் ஒட்டுகிறார்கள். நானும் அப்படியே போடலாமா?
– வாசகி, காங்கேயம்

பதில்: போடாதீர்கள். மரச்செக்கு மெதுவாகச் சுற்றும். எண்ணெய் அதிகம் சூடேறாது. எக்ஸ்பெல்லரில் திருகு நெருக்கிப் பிழிவதால் சூடு ஏறும், எண்ணெயும் கூடுதலாக இறங்கும், அதனால் விலை குறையும். இரண்டும் வேறு வேறு சரக்கு.

கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 325 ரூபாய். ஒன்றரை கிலோ புண்ணாக்கு, கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 60 திரும்பும். ஆட்டுக்கூலி, பாட்டில், லேபிள், அனுப்பும் செலவு எதுவும் சேராமலே 265 ரூபாய் வந்துவிட்டது. 'மரச்செக்கு' என்று ஒட்டி லிட்டர் 230க்குக் கொடுத்தால், கடலை விலை தெரிந்தவர் முதலில் கேட்பது "இதில் என்ன கலந்தீர்கள்?" என்பதுதான்.

'எக்ஸ்பெல்லரில் பிழிந்தது, சுத்திகரிக்காதது' என்று எழுதுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. தினசரிச் சமையலுக்கு அந்த விலையில் நல்ல எண்ணெய் தேடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பிராண்டு உங்களுடையது, தயாரிப்பு ஆலையுடையது என்பதும் லேபிளில் தெரிய வேண்டும்: உங்கள் பெயர், முகவரி, ஆலையின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண். வாங்கி அடைக்கும் உங்களுக்கும் தனியாக எண் வேண்டும்.

கேள்வி: 'சுத்தமான', 'அசல்' என்ற சொற்களை லேபிளில் போடலாமா? என் பிராண்டு பெயரிலேயே 'ப்யூர்' இருக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: இந்தச் சொற்களுக்கு 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிமுறைகளில் நிபந்தனை இருக்கிறது. 'ப்யூர்' என்பது வேறெதுவும் சேராத ஒற்றைப் பொருளுக்கு மட்டும். கருப்பட்டி சேர்த்து நல்லெண்ணெய் ஆட்டுகிறீர்கள் என்றால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'கருப்பட்டி சேர்த்து ஆட்டியது' என்று போடுங்கள். வாங்குபவருக்கு விஷயம் தெரிந்த மாதிரியும் இருக்கும். பிராண்டு பெயரிலேயே அந்தச் சொல் இருந்து, அது தவறான எண்ணம் தரும் என்றால், இது வெறும் பிராண்டு பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்ற வாசகத்தைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் அச்சிட வேண்டும். அந்த வரியை ஒட்டிக்கொண்டு கடை நடத்துவதைவிட, தொடக்கத்திலேயே பெயரை மாற்றிவிடுவது மேல் என்பேன்.

கேள்வி: எங்களுடையது சொந்தச் செக்கு. போன மாதம் நல்ல பொன்னிறம், இந்த மாதம் வெளிறிக் கலங்கலாக இருக்கிறது. வாடிக்கையாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். ரீஃபைண்ட் எண்ணெய் கொஞ்சம் சேர்த்தால் ஒரே நிறமாகிவிடும் என்கிறார்கள்.
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: சேர்த்தால் அது கலப்பு எண்ணெய். அதற்கு அக்மார்க் தரச்சான்று உட்படத் தனி விதிகள் உண்டு. உங்கள் பெயருக்கும் அன்றோடு மதிப்புப் போய்விடும். காரணத்தைத் தேடுங்கள். கடலை ரகமும் அறுவடைக் காலமும் மாறினால் நிறம் மாறும். கலங்கல் பெரும்பாலும் கசண்டும் ஈரமும்தான். மழைக்காலத்துப் பருப்பை நன்றாகக் காயவிடாமல் ஆட்டினால் ஈரம் எண்ணெயில் தங்கும். வடைச் சட்டியில் நுரைத்துப் பொங்கும், சீக்கிரமே காறல் அடிக்கும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பைக் கையால் பொறுக்கி எறியுங்கள். நஷ்டம் பார்க்க வேண்டாம். பூஞ்சை நஞ்சு அதில்தான் இருக்கும். ஆட்டிய எண்ணெயை வாயகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் வெள்ளைத் துணி கட்டி இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, துணியில் வடிகட்டி அடையுங்கள். பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் மாவு போல் மெல்லிய படிவு நகரும். அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதையும் லேபிளில் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை எண்ணெய் ஆட்டும்போதும் பேட்ச் எண் கொடுங்கள். பருப்பு வந்த இடம், எடை, இறங்கிய எண்ணெய், தேதி எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். 200 மில்லி மாதிரி பாட்டிலை மூடி, இருட்டான இடத்தில் எடுத்து வையுங்கள். புகார் வந்தால் அதே பேட்சைத் திறந்து முகர்ந்து பார்த்துப் பதில் சொல்லலாம். தப்பு உங்கள் பக்கம் என்றால் அந்த பேட்ச் வாங்கிய எல்லோரையும் நீங்களே அழைத்து மாற்றிக்கொடுங்கள்.

கேள்வி: 'மூன்று தலைமுறைப் பக்குவம்' என்று கதையும், ஐம்பது நல்ல விமர்சனங்களும் எழுதித் தருவதாக ஒரு விளம்பரக்காரர் சொல்கிறார். தொழில் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.
– வாசகர், சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம். இணைய விமர்சனங்களுக்கென ஐஎஸ் 19000:2022 என்ற இந்தியத் தர வரையறை வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எட்டு மாதம் என்றே சொல்லுங்கள். விளம்பரக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில், பருப்பு உரலில் விழுவது முதல் பாட்டில் மூடுவது வரை வீடியோ எடுங்கள். பக்கத்தில் ஒரு சிலேட்டில் தேதியும் பேட்ச் எண்ணும் எழுதி வையுங்கள். வாங்குபவர் தன் பாட்டிலில் இருக்கும் எண்ணோடு அதை ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.