நாடகம் எழுதும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, வன்னியில் ஒட்டுசுட்டானில் இருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மகள் தரம் 10. பாடசாலைகளுக்கான தமிழ்த்தினப் போட்டிக்குத் தானே நாடகம் எழுதி, கூட்டாளிகளைப் பழக்குகிறாள். ரியூசன் தவறுகிறது. "இதால என்ன வேலை வரப்போகுது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் நிறுத்தவேண்டாம்.

முதலில் பரீட்சை. 'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரத்தில் ஒரு பாடம். செயன்முறைப் பரீட்சையும் உண்டு. உயர்தரக் கலைப் பிரிவிலும் எடுக்கலாம். தமிழ், புவியியல், நாடகம் என்று சேர்த்துப் படித்தால் நாடகத்தை மட்டும் நம்பி நிற்கவேண்டி வராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகத்தில் பட்டம் படிக்கலாம். உங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர நாடகம் படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். சாதாரண தரம் முடிந்தபிறகு ஓடித்திரிவது கஷ்டம்.

வன்னியில் இருந்துகொண்டு நடிப்பை மட்டும் வைத்துச் சீவிக்க ஏலாது, அதை மறைக்கமாட்டேன். இந்தப் படிப்போடு ஆசிரியராகப் போகலாம், பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் வேலைக்கு முயலலாம், வானொலிப் பக்கமும் போகலாம்.

சரி, நீங்கள் அனுப்பிய அந்த ஒரு பக்கத்துக்கு வருகிறேன். இரவு, வயலுக்குள் யானை இறங்குகிறது. காவல் கொட்டிலில் பேத்தி யானைவெடி கொளுத்தப் போகிறாள். அப்பம்மா தடுக்கிறா. முதலில் அப்பம்மாவுக்கு ஏழு வரி வசனம் எழுதியிருக்கிறாள் மகள். பிறகு அத்தனையையும் வெட்டிவிட்டு மூன்றே சொல்: "பொறு, குட்டி நிக்குது." அதன்பிறகு கோவலன் கூத்து மெட்டில் ஒரு பாட்டு. அம்மா, எழுதினதை வெட்டும் மனம் பெரியவர்களுக்கே லேசில் வராது. வகுப்பில் குழப்படி செய்கிற பொடியனுக்கு யானையின் பின்கால் வேடம் கொடுத்து, அவனையும் ஒத்திகைக்கு நேரத்துக்கு வரவைத்திருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வகுப்பறையில் நிற்கப்போகிற ஒருவருக்கு வேண்டிய கெட்டித்தனம் அது.

நாடகம் எழுதிப் பெயர் பெற்ற குழந்தை ம. சண்முகலிங்கமும் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்தான். பிள்ளைகள் நடிக்கவென்றே நாடகங்கள் எழுதினார். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். மகள் போகிற வழியில் ஏற்கனவே ஆட்கள் நடந்திருக்கிறார்கள்.

ரியூசனை விடவும் கூடாது. ஒத்திகையைக் கிழமைக்கு மூன்று நாளாக வைத்து, கடைசி பஸ்ஸுக்கு முன் முடிக்கச் சொல்லி ரீச்சரிடம் கேளுங்கள், ஓம் என்பா. கணிதத்துக்கு மற்ற நாட்கள் போதும். அந்த வெட்டிக் கிறுக்கிய கொப்பியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள், அவளுக்குப் பிறகு தேவைப்படும். போட்டி நாளில் வேலையை விட்டுவிட்டு நீங்களும் போய் முன்வரிசையில் இருங்கள்.