வலிக்காத வெள்ளைத் திட்டுக்கும் வைத்தியசாலை அவசியமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறார். இருபது வருடங்களுக்கு மேலாகப் புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிறார். சிகரெட்டோ மதுவோ இல்லை. சென்ற மாதம் பல் பிடுங்கச் சென்றபோது, பல் வைத்தியர் பல்லைப் பார்த்ததோடு நிற்காமல் கழுத்தையும் தாடையின் அடிப்புறத்தையும் அழுத்திப் பார்த்தார்; நாக்கை வெளியே இழுத்தும் பார்த்தார். வலது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு இருப்பதாகக் கூறி, கொழும்பு தேசிய பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார். அங்கே சிறு துண்டு சதை எடுத்துச் சோதிக்க வேண்டிவரலாம் என்றும் சொன்னார். வலியோ எரிவோ இல்லாததால் என் கணவர் போக மறுக்கிறார். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று உறவினர்களும் சொல்கிறார்கள். இந்தப் பரிசோதனை உண்மையில் தேவைதானா?
(வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை)

பதில்: தேவைதான், சகோதரி. அந்தக் கடிதத்தை இன்னும் தள்ளிப்போடாமல் இந்த வாரத்திலேயே அவர் எடுத்துச் செல்ல வேண்டும். வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டுகள் எல்லாம் புற்றுநோய் அல்ல; அவற்றுள் பெரும்பாலானவை ஒருபோதும் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்பதை வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. அதனால்தான் உங்கள் பல் வைத்தியர் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். தன்னிடம் பல் பிடுங்க வந்தவரின் வாய் முழுவதையும் கழுத்தையும் பொறுமையாகப் பார்த்த அவர், தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

வலி இல்லை என்பதை உங்கள் கணவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார். வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை அந்த ஆறுதலுக்கு இடமில்லை. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டி ஆழமாக இறங்கி நரம்பைத் தொட்ட பிறகோ, புண்ணாகிக் கிருமித் தொற்று ஏற்பட்ட பிறகோதான் வலிக்கத் தொடங்கும். இரண்டு சென்டிமீற்றருக்கு மேற்படாத, ஆழமாக ஊடுருவாத கட்டியைப் பல வேளைகளில் ஒரே சத்திரசிகிச்சையில் அகற்றிவிடலாம். கழுத்துக்குப் பரவிய பிறகு வருபவருக்கோ தாடை எலும்பின் ஒரு பகுதியை எடுப்பது, கழுத்தின் நிணநீர்க் கணுக்களை (கிருமிகளைத் தடுக்கும் சிறு முடிச்சுகளை) அகற்றுவது, அதன் பின் கதிர்ச் சிகிச்சை என்று சிகிச்சை நீண்டுகொண்டே போகும்; பேச்சும் உணவும் கூடப் பாதிக்கப்படும்.

பல் பிடுங்கச் சென்ற அன்று பல் வைத்தியர் என்ன பார்த்தார் என்று தெரிந்தால் உங்கள் கணவரின் தயக்கம் குறையலாம். முதலில் முகத்தின் இரு பக்கங்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்து, நாடியின் கீழும், தாடையின் அடியிலும், காதின் கீழிருந்து காறை எலும்பு வரை கழுத்தின் இரு பக்கங்களிலும் விரல் நுனிகளால் தடவி, கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா என்று தேடுவோம். பல் தொற்றினால் வீங்கும் கணு பொதுவாக மென்மையாகவும் தொட்டால் நோவதாகவும் இருக்கும்; தொற்று ஆறியதும் அதுவும் அடங்கிவிடும். கல்லுப்போல் இறுகி, வலியின்றி, தோலுக்கடியில் அசையாமல் ஒட்டிக்கிடக்கும் கணுவே எங்களை அச்சப்படுத்துவது. பிறகு, கட்டுப்பல் இருந்தால் கழற்றச் சொல்லிவிட்டு, உதடுகளின் உட்புறம், இரு கன்னங்கள், முரசு, கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாலுள்ள மூலை, மேல் அண்ணம் என்று நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நாக்கைத்தான் அவசரமின்றிப் பார்க்க வேண்டும். அதன் நுனியைத் துணித்துண்டால் பிடித்து, ஒரு பக்கமாக இழுத்து, மறு பக்கத்தின் ஓரத்தைப் பின்புறம் வரை பார்ப்போம்; அடுத்து பக்கத்தை மாற்றுவோம். நாக்கின் பின் ஓரமும் நாக்குக்கு அடியிலுள்ள வாயின் தளமும், நோயாளி வெறுமனே வாயைத் திறந்து காட்டும்போது மறைந்தே இருப்பவை. ஆகவே தளத்தில் ஒரு விரலை உள்ளே வைத்து, மறு கையால் வெளியே நாடிக்குக் கீழ் தாங்கி, இரண்டுக்கும் இடையில் ஏதும் தடிப்பு அகப்படுகிறதா என்று அழுத்திப் பார்ப்போம். இறுதியாக ‘ஆ’ என்று சொல்லச் சொல்லித் தொண்டையின் வாயிலைப் பார்ப்போம். முழுவதற்கும் சில நிமிடங்களே ஆகும். ஊசியோ மருந்தோ வேண்டியதில்லை.

இந்த எளிய பரிசோதனையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். கேரளாவின் திருவனந்தபுரம் பகுதியில் 1996இல் தொடங்கப்பட்டு, 2005இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைக் கண்ணால் பார்த்துச் செய்த பரிசோதனையினால், புகையிலை அல்லது மது பாவிப்போரிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. உங்கள் கணவர் அந்தப் பிரிவில்தான் வருகிறார். புகையிலையை விட்டுவிட்டு வெற்றிலையை மட்டும் போட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள், அதுவும் பாதுகாப்பானதல்ல. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு கன்னத்தின் உட்சதையை நார்போல் இறுக்கி, வாயைத் திறக்க முடியாமலும் செய்துவிடும். உறைப்பு பட்டாலே வாய் எரிவதும், முன்பு மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல் நுழையச் சிரமப்படுவதும் அதன் அடையாளங்கள்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயத்தை நான் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் கேட்கிறேன். உறவினர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சினால் பறிபோகும் மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. பயொப்சி (சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பது) எடுத்த பிறகு சிலருக்கு நோய் முற்றியதாகத் தோன்றுவதற்குக் காரணம், அவர்கள் வரும்போதே நோய் பரவியிருந்தது, அல்லது முடிவு தெரிந்த பின்னும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள் என்பதே. அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து அரிசியளவோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ ஒரு துண்டை எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அஸ்பிரின், வார்பரின் போன்ற இரத்தத்தை உறையவிடாத மருந்துகள் பாவிப்பவராயின், அவற்றைத் தானாக நிறுத்தாமல் முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

தேசிய பல் வைத்தியசாலை வாட் பிளேஸில் உள்ளது. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் பற்றிய கவலை வேண்டாம். முடிவில் கலங்களில் மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தால், வெற்றிலையை முழுமையாக விட்டு, அவர்கள் சொல்லும் திகதிகளில் கிளினிக்குக்குச் சென்று அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் போதும். மாற்றம் இருந்தால் அதன் அளவைப் பொறுத்துத் திட்டை அகற்றுவார்கள். புற்றுநோய் என்றே வந்தாலும், கையில் கடிதத்துடன் ஆரம்ப நிலையிலேயே செல்பவருக்குக் குணமடையும் வாய்ப்பு மிக நன்றாகவே இருக்கும்.

நாள் கிடைக்கும் வரை, வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன் நின்று அந்தத் திட்டை அவரே ஒருமுறை பார்க்கட்டும். அதில் சிவப்பு நிறம் கலந்தாலோ, தொட்டால் தடிப்பாகத் தெரிந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, பல் பிடுங்கிய குழி ஆறாமல் இருந்தாலோ, திகதிக்குக் காத்திருக்காமல் உடனே செல்ல வேண்டும். சிவப்புத் திட்டு வெள்ளைத் திட்டைவிட ஆபத்தானது. வீட்டிலோ கடையிலோ அவருடன் சேர்ந்து வெற்றிலை போடும் வேறு யாரேனும் இருந்தால், அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், அதே பல் வைத்தியரிடம் ஒருமுறை வாயைக் காட்டச் சொல்லுங்கள்.