வாசகர் கேள்வி பதில்: காய்ச்சல் விட்ட மாதிரி

போன இதழில், ‘கிருபைக்குக் கூலி கிடையாது, இரட்சிப்பு இலவசம்’ என்று எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஆமென் என்றார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். சண்டைக்கு வந்த கடிதங்களில்தான் விஷயம் இருந்தது. அவற்றில் ஐந்து இங்கே.

கேள்வி: எங்கள் வீடு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), கணவர் வீடு ஆர்.சி. (கத்தோலிக்கர்). “விசுவாசிச்சாப் போதும்னு சொல்லிக்கிட்டுத் திரியிற கூட்டம்” என்று மாமனார் சாப்பாட்டு மேசையில் கிண்டல் செய்கிறார். ‘மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்’ என்கிற யாக்கோபு 2:24ஐ எடுத்துக் காட்டுகிறார். விசுவாசமா, கிரியையா (நற்செயலா)? — வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மாமனார் விவரமான ஆள். ‘விசுவாசத்தினாலேமாத்திரம்’ என்கிற சொல் வேதத்திலேயே அந்த ஒரு வசனத்தில்தான் இருக்கிறது, அதுவும் ‘அல்ல’ என்று முடிகிறது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தை ஆரம்பித்த மார்ட்டின் லுத்தருக்கே அது தொண்டையில் சிக்கிய முள். 1522இல் அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தபோது, முன்னுரையில் யாக்கோபை ‘வைக்கோல் நிருபம்’ என்று எழுதிவிட்டார். விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் எழுதின ரோமர் 3:28இல், மூலத்தில் இல்லாத ‘மாத்திரம்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். லுத்தர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த வைக்கோல் பேச்சு கொஞ்சம் அவசரம்தான்.

பவுலும் யாக்கோபும் ஒரே ஆளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஆபிரகாமை. ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று பவுல் காட்டுவது ஆதியாகமம் 15. அப்போது அவர் மகன் ஈசாக்கு பிறக்கவே இல்லை. யாக்கோபு காட்டுவது, கடவுள் அந்த மகனைப் பலியாகக் கேட்கிற 22ஆம் அதிகாரம். அங்கே ஈசாக்கு விறகுக்கட்டைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிற பையன். முதலில் வாக்கை நம்பினார், பல வருஷம் கழித்து அந்த நம்பிக்கையோடு மலை ஏறினார். பவுல் ஆரம்பத்தைப் பார்த்துச் சொன்னார், யாக்கோபு மலையைப் பார்த்துச் சொன்னார்.

நம் வேதத்தில் இருக்கிற ‘விசுவாசம்’ என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். ‘விசுவாசமான வேலைக்காரன்’ என்கிறோம், ‘விசுவாசமான நாய்’ என்கிறோம். அந்த நாய் முதலாளி உண்டு என்று நம்புகிறது என்றா அர்த்தம்? கிரேக்கத்தில் இருக்கிற ‘பிஸ்டிஸ்’ என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. ‘உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே’ என்கிற இடத்தில் ‘உண்மையுள்ள’ என்பதற்கு அங்கே இருப்பது அதே வேரில் பிறந்த சொல்தான். கீழ்ப்படிதலுக்கு உள்ள கிரேக்கச் சொல் ‘கேட்பது’ என்பதிலிருந்து வருகிறது. “சொன்ன பேச்சைக் கேக்குறானா பாரு” என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது பையனுக்குக் காது கேட்கிறதா என்றா விசாரிக்கிறார்கள்? கடவுள் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும்தான் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்வது இதைத்தான். பிசாசுக்கு வேதபாடப் பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்கும். பேச்சைத்தான் கேட்காது.

மாமனாருக்கு ஒரு தகவல். 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் லுத்தருக்கு எதிராக ஒரு தீர்ப்புப் பட்டியல் போட்டது. அதில் முதல் விதியே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் மனிதன் தன் சொந்தக் கிரியையால் நீதிமானாக முடியும் என்பவனைத்தான் சபிக்கிறது. ஆகவே ‘ஆர்.சி. என்றால் புண்ணியம் சேர்த்து மோட்சம் வாங்குகிற கூட்டம்’ என்று உங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால், அதுவும் தப்பு. அப்புறம், 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில், லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த விஷயத்தில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம் செயலுக்காக அல்ல, கிருபையினால்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபைதான் நற்செயலுக்கு நம்மைத் தயார்ப்படுத்துகிறது என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். சண்டை ஆரம்பித்தவர்கள் மேசையை விட்டு எழுந்து கை கழுவிவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் இரட்சிக்கப்பட்ட தேதி சொல்கிறார்கள். எனக்குத் தேதி இல்லை. — வாசகர், சாத்தான்குளம்

பதில்: எனக்கும் இல்லை. மெதடிஸ்டு இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லிக்கு இருந்தது. 1738 மே 24, ராத்திரி ஒன்பதுக்குக் கால் மணி முன்னால். அவர் நாட்குறிப்பு எழுதுகிற மனிதர். இயேசுவின் சீஷரான பேதுருவுக்கு எந்தத் தேதியைப் போடுவீர்கள்? வலையை விட்ட நாளா, இயேசுவைத் தெரியாது என்று சொல்லிச் சேவல் கூவின நாளா, கடற்கரையில் மீன் சுட்டுச் சாப்பிட்ட நாளா? தேதி இருக்கிறவர்கள் சொல்லட்டும். நீங்கள் சங்கடப்படாமல் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: நான் இந்து, கல்லூரி மாணவன். வாழ்நாள் முழுவதும் தப்புச் செய்தவன் கடைசி நிமிஷம் ‘நம்புகிறேன்’ என்றால் சொர்க்கம். இது என்ன நியாயம்? — வாசகர், மதுரை

பதில்: நியாயமான கோபம். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைத்தான் எல்லாரும் உதாரணம் சொல்வார்கள். லூக்கா 23இல் போய் அந்த ஆள் என்ன பேசினான் என்று பாருங்கள். பரிகாசம் செய்கிற கூட்டாளியைக் கண்டிக்கிறான். ‘நமக்குக் கிடைத்தது நியாயமான தண்டனை, இவரோ தப்பிதம் ஒன்றும் செய்யவில்லை’ என்கிறான். அதன் பிறகுதான் ‘என்னை நினைத்தருளும்’ என்று கேட்கிறான். கை கால் ஆணியில் இருக்கும்போது ஒருவன் செய்யக்கூடிய கீழ்ப்படிதல் அவ்வளவுதான். அதைச் செய்தான்.

இன்னொன்று. ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்று வாக்குக் கிடைத்த பிறகும் அவன் சிலுவையிலிருந்து இறங்கவில்லை. சாயங்காலம் சேவகர்கள் வந்து அவன் காலை முறித்தார்கள். கடவுள் மன்னித்தால் கோர்ட் விட்டுவிட வேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. சிறை ஊழியத்துக்குப் போகிற எங்கள் ஆட்கள் சிலர் இதை மறந்துவிட்டு, ‘மனம் மாறிவிட்டார்’ என்று மனு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசி நிமிஷத்துக்கு என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறவனைப் பற்றியும் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவன் நம்புவது கடவுளை இல்லை, தன் கடிகாரத்தை.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ‘ஏழெழுபது தரம் மன்னிக்கணும், புருஷனுக்குக் கீழ்ப்படியணும், போகலைன்னா உன் இரட்சிப்புக்கே மோசம்’ என்கிறார் ஊரில் ஒரு பெரியவர். — பெயர், ஊர் வேண்டாம்

பதில்: போகாதீர்கள், அம்மா.

1984இல், குருவானவராக என் முதல் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்), நானும் இதே வசனத்தைச் சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாசம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மூன்றாம் வாரம் அவள் ஆராதனைக்கு வந்தாள். இராப்போஜனத்துக்கு முழங்காலில் நின்று இடது கையை மட்டும் நீட்டினாள். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது, மாவுக்கட்டோடு. அப்பத்தை அந்த இடது கையில் வைத்தேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு யாரிடமும் அந்த வசனத்தை அப்படிச் சொன்னதில்லை.

மன்னிப்பது உங்கள் மனதில் நடக்கிற காரியம், அதற்கு வருஷம் பிடிக்கலாம். திரும்பிப் போய் ஒரே வீட்டில் இருப்பது வேறு காரியம், அதற்கு அவர் திருந்தியிருக்க வேண்டும். ‘அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக’ என்று லூக்கா 17:3இல் ஆண்டவர் சொன்னதில் முதல் பாதியை யாருமே பிரசங்கிப்பதில்லை. யோசேப்பு, தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைப் பல வருஷம் கழித்துக் கண்டதும் அழுதுகொண்டே கட்டிக்கொள்ளவில்லை. இளையவன் பென்யமீனையும் தன்னைப் போலவே கைவிட்டுவிடுவார்களா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ‘நான் யோசேப்பு’ என்றார். ‘கீழ்ப்படி’ என்பதற்கும் பேதுருவே எல்லை கட்டியிருக்கிறார், ‘மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்கு’ என்று. கையை உடைக்கிறவனுக்கு உடைக்கக் கை கொடுப்பது தேவனுக்குக் கீழ்ப்படிவது ஆகாது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு, அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் உண்டு. பெரியவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: அப்பா வீட்டைப் பங்கு வைத்தபோது அண்ணன் என் பக்கம் மூன்றடி தள்ளிச் சுவர் வைத்துவிட்டார். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரே கோவிலுக்குத்தான் போகிறோம். பரமண்டல ஜெபத்தில் ‘எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிப்பதுபோல’ என்ற இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்லக் கூடாதே. மன்னிக்காவிட்டால் இரட்சிப்பு போய்விடுமா? — வாசகர், நாசரேத்

பதில்: அந்த வரியில் வாயை மூடுகிற ஒருவரை நாற்பது வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். மற்றவர்கள் நாங்கள் எல்லாம் ராகத்தோடு சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம்.

உங்களைப் பயமுறுத்துகிற வசனம் மத்தேயு 6:15 என்று தெரிகிறது. நீங்கள் மன்னியாதிருந்தால் பிதாவும் மன்னியாதிருப்பார். அதை மழுப்ப எனக்கு மனமில்லை, அது அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ‘நான் மன்னிப்பைக் கட்டினால் அவர் மன்னிப்பைத் தருவார்’ என்று அதை ஒரு கட்டணமாக எடுத்துக்கொண்டால், இலவசம் என்று போன இதழில் எழுதினதை நான் வாபஸ் வாங்க வேண்டியிருக்கும். அதே மத்தேயுவில் 18ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். உடன்வேலைக்காரன் இவனுக்கு நூறு வெள்ளிப்பணம் கடன். ஒரு வெள்ளிப்பணம் அப்போது ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். நாள் கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். உடன்வேலைக்காரன் தர வேண்டியது 60,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை, கவனியுங்கள். மூன்றடி நிலம் மாதிரி, நிஜமாகவே வலிக்கிற தொகை. இவன் ராஜாவுக்குத் தர வேண்டியதோ 3,600 கோடி ரூபாய். தினமும் லீவு இல்லாமல் வேலை பார்த்தாலும் அடைக்க ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும்.

இவன் ராஜாவிடம் என்ன கேட்டான்? ‘பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்’ என்றான். தவணை கேட்டான். ராஜா கொடுத்தது தள்ளுபடி. அவன் காதில் அது விழவே இல்லை என்று எனக்குத் தோன்றும். வெளியே வந்ததும் அறுபதாயிரத்துக்காக ஒருவன் தொண்டையை நெரிக்கிறான். தவணை கட்டப் பணம் திரட்டுகிற ஆள்தானே அப்படிச் செய்வான்? மன்னிக்காததால் அவனுடைய தள்ளுபடி ரத்தாகிறது, உண்மைதான். ஆனால் முதலில் வந்தது தள்ளுபடி, அவன் செய்ய வேண்டியிருந்தது அதை நம்பி நடப்பது. நம்பவில்லை என்பது அந்தத் தொண்டையில் தெரிந்துபோயிற்று.

சுவர் விஷயத்துக்கு வருவோம். சர்வேயரை வைத்து அளக்கலாம், தப்பே இல்லை. மூன்றடி என்றால் மூன்றடி. மன்னிக்கிறவன் கணக்குத் தெரியாதவனாக இருக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. புதிய ஏற்பாட்டில் மன்னிப்பதற்கு வருகிற கிரேக்க வினைச்சொல்லுக்கு நேர் அர்த்தம் ‘விடுவது’. சீஷர்கள் வலையை விட்டார்கள் என்பதற்கும் அதே சொல், பேதுருவின் மாமியாரைக் காய்ச்சல் விட்டது என்பதற்கும் அதே சொல். வலையை ஒரு நொடியில் விடலாம். காய்ச்சல் அப்படி விடாது. வேர்க்கும், மறுபடி அடிக்கும், ஒரு நாள் பசிக்கும்போதுதான் விட்டது தெரியும். உங்களுக்கு இது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

என் அம்மா 1978இல் தன் சங்கிலியை விற்று, வாடகை சைக்கிள் கடை வைக்க மாமாவுக்கு 1,740 ரூபாய் கொடுத்தாள். கடை இரண்டே வருஷத்தில் போயிற்று, பணமும் திரும்பவில்லை. “நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்” என்பாள். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்து சுடும்போது, மாமா வரப்போகிறார் என்றதும் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, “ஆயிரத்து எழுநூத்து நாப்பது ரூவா, சும்மாவா” என்பாள். அந்த நாற்பதைக் கூட விடமாட்டாள். நாங்கள் சிரிப்போம். நான் குருவானவரான பிறகு சிரிக்க முடியவில்லை, பிரசங்கத்தில் சொல்லவும் முடியவில்லை, முன் வரிசையில் அவளே உட்கார்ந்திருப்பாள்.

ஆனாலும் மாமாவுக்கு என்று ஒரு தூக்கு நிறைய முந்திரிக்கொத்து எடுத்து வைக்க அவள் ஒரு வருஷமும் தவறினதில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் வைப்பாள். உங்களால் இப்போது முடிவது அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு அந்த வரியில் வாயைத் திறந்து, ‘மன்னிப்பதுபோல’ என்ற இடத்தில் ‘மன்னிக்கப் பார்க்கிறேன்’ என்று முணுமுணுத்துக்கொள்ளுங்கள். பொய் ஆகாது. கோவில் வாசலில் அண்ணனைப் பார்த்தால் ஒரு தலையசைப்பு. சர்வேயர் வருகிற தேதியையும் அவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், ஆள் விட்டுச் சொல்லாமல்.

மாமாவுக்கு எண்பது ஆனபோது ஒரு கிறிஸ்துமஸ். அம்மா அடுப்படியில் வழக்கம் போல ஆரம்பித்தாள். “ஆயிரத்து எழுநூறோ என்னவோ” என்றாள். அப்புறம், “உங்க மாமனுக்குப் பல்லு இல்லல்லா, கொஞ்சம் பிஞ்சாச் சுட்டு எடுக்கணும்” என்று அடுப்பைக் குறைத்தாள்.